பருத்த அடிமரத்தைப் பிளக்கும் இயந்திரம்: நம் பட்டறையிலேயே செய்து கொள்ளும் முறை

2018 நவம்பர் 16 அன்று அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தபோது, டெல்டாவிலும் புதுக்கோட்டைப் பக்கத்திலும் தென்னைகளோடு சேர்ந்து பழைய புளி, மா, பலா மரங்களும் வேரோடு சாய்ந்தன. எங்கள் தோப்பில் விழுந்த மரங்களின் கொப்புகளும் கிளைகளும் இரண்டு மாதங்களுக்குள் விறகாகிப் போய்விட்டன. இரண்டரை அடி, மூன்றடி குறுக்களவுள்ள அடிமரங்கள் மட்டும் வரப்போரத்தில் அப்படியே கிடந்தன. உள்ளே பொந்து இருக்கும், பழைய ஆணி இருக்கும் என்று மரவாடிக்காரர்கள் அவற்றை வேண்டாம் என்றார்கள். விறகு பிளக்க வந்த பெரியவர் முதல் முண்டில் இரண்டு இரும்பு ஆப்புகளை இறக்கினார்; இரண்டும் உள்ளே சிக்கிக்கொண்டதும் கூலியே வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்த ஆப்புகளை மீட்பதற்கே எனக்கு ஒரு நாள் ஆயிற்று. அதன் பிறகு நான் செய்து, இரண்டு முறை திருத்திக்கொண்ட இயந்திரத்தின் அளவுகளையும் செய்முறையையும் இங்கே எழுதுகிறேன்.

பருத்த முண்டைப் பொறுத்தவரை, பிளப்பதை விடத் தூக்குவதுதான் பெரிய சிக்கல். 75 செ.மீ. குறுக்களவும் 45 செ.மீ. நீளமும் உள்ள ஒரு பச்சைப் புளிய முண்டின் கன அளவு ஏறக்குறைய 0.2 கன மீட்டர். அதன் அடர்த்தி தண்ணீரின் அடர்த்தியை ஒட்டியே இருப்பதால் எடை 200 கிலோ வரும். கடைகளில் விற்கும் விறகு பிளக்கும் இயந்திரங்களில் பல, இடுப்பளவு உயரத்தில் உத்திரம் படுத்திருக்கும் அமைப்பு கொண்டவை. ஓரடி குறுக்களவுள்ள சவுக்குக்கு அது போதும். 200 கிலோ முண்டை அதன்மேல் ஏற்ற நான்கு ஆட்கள் வேண்டும், இறங்கும்போது அது யாருடைய காலில் இறங்கும் என்பதும் தெரியாது. ஆகவே உத்திரத்தை நிமிர்த்தி நிறுத்தி, அடித்தட்டைத் தரையோடு வைத்து, ஆயில் அழுத்தத்தால் தண்டைத் தள்ளும் ஹைட்ராலிக் சிலிண்டர் ஒன்றால் ஆப்பு மேலிருந்து கீழே இறங்கும்படி அமைப்பதே முறை. முண்டை உருட்டிக்கொண்டு வந்து கடப்பாரையால் நெம்பி நிறுத்தினால் போதும். அந்த உத்திரத்தை டிராக்டரின் பின்னால் மாட்டிவிட்டால், முண்டை உருட்டும் வேலையும் பாதியாகக் குறைந்துவிடும்.

இரண்டு மூன்று முண்டுகளுக்காக மட்டும் இதைச் செய்ய நினைப்பவர்கள் 20 டன் பாட்டில் ஜாக்கியை ஒரு சட்டத்துக்குள் வைத்துப் பிளக்கலாமா என்று கேட்பதுண்டு. அதில் விசை இருக்கிறது. ஆனால் ஒரு தடவையில் 15 செ.மீ. அளவே ஏறும், மேலும் சாதாரண பாட்டில் ஜாக்கி தலைகீழாக வேலை செய்யாது. அது நிமிர்ந்து நின்று மேல்நோக்கித் தள்ள வேண்டுமானால் முண்டை அதன்மேல் தூக்கி வைத்தாக வேண்டும். எதைத் தவிர்க்க வேண்டும் என்று தொடங்கினோமோ அதற்கே அது நம்மைத் திருப்பிவிடுவதால், அந்த வழியை நான் பரிந்துரைக்கவில்லை.

எவ்வளவு விசை, எந்த சிலிண்டர்

விசை என்பது ஆயிலின் அழுத்தத்தை சிலிண்டரின் உள்வட்டப் பரப்பால் பெருக்கி வருவது. 100 மி.மீ. உள்விட்டம் கொண்ட சிலிண்டரின் பரப்பு 78.5 சதுர செ.மீ.; 160 பார் அழுத்தத்தில் அது ஏறக்குறைய 12.8 டன் விசை தரும். 125 மி.மீ. சிலிண்டர் அதே அழுத்தத்தில் 20 டன் தரும், ஆனால் அதை நிரப்ப ஒன்றரை மடங்குக்கும் மேல் ஆயில் வேண்டும், அதே அளவுக்கு வேகமும் குறையும். கணுவும் முறுக்கும் நிறைந்த புளியின் நட்ட நடுவில் ஒரே இறக்கில் பிளக்க 12 டன் சில நேரம் போதாது. ஓரத்திலிருந்து பலகை பலகையாக உரித்துக்கொண்டு வந்தால் அதே 12 டன் தாராளமாகப் போதும் என்பதால், நான் 100 மி.மீ. சிலிண்டரையே தேர்ந்தேன். இங்கே தரும் உலோக அளவுகள் யாவும் அந்த விசைக்கு உரியவை. சிலிண்டரைப் பெரிதாக்குபவர்கள் மற்ற எல்லாவற்றையும் அதற்கேற்பப் பெரிதாக்க வேண்டும்.

சிலிண்டர் இரு பக்கமும் ஆயில் வாங்கும் வகையாக இருக்க வேண்டும். டிப்பர் டிரெய்லரிலிருந்து கழற்றிய சிலிண்டர் ஒரு பக்கம் மட்டும் தள்ளும். மரத்தில் சிக்கிய ஆப்பை அதனால் மேலே இழுக்க முடியாது. கோவை உக்கடத்திலும் சென்னை புதுப்பேட்டையிலும் உள்ளது போன்ற பழைய இரும்புக் கடைகளில், ஜே.சி.பி. வகை இயந்திரங்களிலிருந்து கழற்றிய சிலிண்டர்கள் எடைக்கணக்கில் கிடைக்கும். வாங்கும்போது தண்டை முழுவதும் வெளியே இழுத்து விரல் நகத்தால் நீளவாக்கில் தடவிப் பாருங்கள்; குரோம் பூச்சில் நகம் தட்டுப்படும் அளவுக்குக் குழி இருந்தால், எத்தனை முறை சீல் மாற்றினாலும் ஆயில் கசியும். தண்டின் விட்டம் 50 மி.மீ.க்குக் குறையக்கூடாது, ஏனெனில் 600 மி.மீ. நீண்டு நிற்கும் 40 மி.மீ. தண்டு 12 டன் சுமையில் வில்லாக வளையும் எல்லைக்கு அருகில் வந்துவிடும். இயக்கத் தூரம் 600 மி.மீ. என்றும், தண்டு உள்ளே இருக்கும்போது ஒரு முனையைப் பிடிக்கும் ஊசியின் (பின்) மையத்திலிருந்து மறுமுனை ஊசியின் மையம் வரை 900 மி.மீ. என்றும் கொள்கிறேன். உங்களுக்குக் கிடைப்பது வேறு அளவானால் உத்திரத்தின் நீளத்தை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளலாம்.

எப்படிப்பட்ட சிலிண்டர் கிடைத்தாலும் லேத் பட்டறையில் கொடுத்துப் பிரித்து, உள்ளே துருவைத் துடைத்து, புதிய சீல் போட்டு வாங்குவதில் சோம்பல் கூடாது. முதல் முறை நான் அவசரத்தில் பழைய சிலிண்டரைக் கழுவாமல் டிராக்டரோடு இணைத்தேன். உள்ளே இருந்த துருத்தூள் முழுவதும் டிராக்டரின் ஆயிலில் கலந்து, பத்து நாளில் கலப்பையைத் தூக்கும் லிஃப்ட் வெட்டி வெட்டி ஏறத் தொடங்கியது. ஆயில் முழுவதையும் வடித்து, ஃபில்டர் மாற்றி, வால்வைப் பிரித்துக் கழுவ ஆன செலவில் இன்னொரு சிலிண்டரே வாங்கியிருக்கலாம்.

உத்திரமும் அடித்தட்டும்

இந்த இயந்திரத்தில் வீட்டில் செய்பவர்கள் தவறு செய்யும் இடம் உத்திரம்தான். சிலிண்டர் உத்திரத்தின் மையத்தில் உட்காருவதில்லை. அதன் முகத்துக்கு வெளியே 100 மி.மீ. தள்ளி நிற்கிறது. ஆகவே அது தள்ளும்போது உத்திரம் நீளவாக்கில் இழுபடுவதோடு நில்லாமல், வில்லைப் போல வளையவும் முயல்கிறது. 150 மி.மீ. உயரமுள்ள ஐ பீம் பார்வைக்குப் பலமாகத் தெரிந்தாலும், 12.8 டன் விசையில் அதன் தகைவு, அதாவது இரும்பின் உள்ளே ஏறும் விசையின் செறிவு, ஒரு சதுர மி.மீ.க்கு 290 நியூட்டன் அளவுக்குப் போய்விடும். சாதாரண மைல்டு ஸ்டீல் 250-லேயே நிலையாக வளையத் தொடங்கிவிடும். 200 மி.மீ. ஐ பீமில் அதே விசைக்குத் தகைவு 150 அளவில் நிற்கும். மீட்டருக்கு 25 கிலோவுக்குச் சற்று மேல் எடையுள்ள அந்த ஐ.எஸ்.எம்.பி. 200 (இந்தியத் தரநிலைப்படியான நடுத்தர ஐ பீம்) உத்திரத்தில் 2 மீட்டர் வாங்குங்கள். இரண்டு சானல்களை முதுகோடு முதுகு ஒட்டி வெல்டு வைத்தும் செய்யலாம். ஆனால் ஆப்பு வழுக்கி ஓடும் முகம் நேராக அமைவது அதில் கடினம்.

நீளக் கணக்கு இப்படி வரும். அடித்தட்டுக்குக் கீழே இறங்கும் பகுதி 100 மி.மீ.; தட்டுக்கும் முழுதாக ஏறிய ஆப்பின் விளிம்புக்கும் இடையே 625 மி.மீ.; ஆப்பும் அதைத் தாங்கும் சறுக்குப் பெட்டியும் 250 மி.மீ.; சிலிண்டர் 900 மி.மீ.; மேலே சிலிண்டரைப் பிடிக்கும் காதுகளுக்கு 75 மி.மீ. ஆகும். 2 மீட்டரில் மிச்சம் இருப்பது பட்டறையில் வெட்டுக்கும் சரிசெய்தலுக்கும் உதவும். ஆப்பு முழுதாக இறங்கிய நிலையிலும் அதன் விளிம்புக்கும் தட்டுக்கும் இடையே 25 மி.மீ. இடைவெளி இருப்பதைக் கவனியுங்கள். விளிம்பு தட்டில் மோதினால் முழு விசையும் இரும்போடு இரும்பாகப் பாய்ந்து, எங்கே பலவீனமான வெல்டு இருக்கிறதோ அங்கே உடைக்கும். கடைசி 25 மி.மீ. பிளக்கப்படாமல் நாரில் தொங்கினால், கோடரியால் ஒரு தட்டுத் தட்டினால் பிரிந்துவிடும்.

அடித்தட்டுக்கு 25 மி.மீ. கனமுள்ள பிளேட்டில் 400 மி.மீ. அகலமும் 500 மி.மீ. நீளமும் எடுத்து, உத்திரம் நுழையும்படி அதன் ஓர் ஓரத்தில் வெட்டி, மேலும் கீழும் வெல்டு வைக்க வேண்டும். தட்டுக்கு அடியில் 20 மி.மீ. கனமும் 100 மி.மீ. உயரமும் கொண்ட மூன்று பட்டைகளை விலா எலும்பு போல நிறுத்தி, அவற்றின் பின்முனைகள் உத்திரத்தின் கீழ்ப்பகுதியோடு சேரும்படி வெல்டு வையுங்கள். பட்டைகளைத் தட்டுக்கு மேலே வைத்தால் முண்டு உட்காராது. தட்டுக்குக் கீழே வைத்தால் உயரம் கூடிவிடுமே என்று முதலில் தயங்கினேன். தோட்டத்து மண்ணில் அந்தப் பட்டைகள் தாமாகவே புதைந்து, தட்டு தரையோடு வந்து நிற்கிறது. சிமெண்டுத் தளத்தில் மட்டும் ஒரு சாய்வுப் பலகை வேண்டியிருக்கிறது. முண்டு நழுவாமல் இருக்கத் தட்டின் மேல்முகத்தில் குறுக்கும் நெடுக்குமாக வெல்டிங் வரிகளை ஏற்றிவிடுவது எளிய ஏற்பாடு.

வெல்டிங்கைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். கேட்டுக்கும் கிரில்லுக்கும் பயன்படுத்தும் சாதாரண ராடு இந்த வேலைக்குப் போதாது. 7018 எனப்படும் லோ ஹைட்ரஜன் ராடை அடுப்பில் உலர்த்திப் பயன்படுத்த வேண்டும். 25 மி.மீ. தட்டின் விளிம்பைச் சரிவாகச் செதுக்கி, பல அடுக்குகளாக ஏற்றி, ஒவ்வோர் அடுக்குக்கும் இடையே கசடைத் தட்டித் துடைக்க வேண்டும். உங்களுக்கு இதில் பழக்கம் இல்லையென்றால், வெட்டும் வேலையையும் பொருத்தும் வேலையையும் நீங்கள் செய்துகொண்டு, அடித்தட்டு, மேல்காதுகள், ஆப்பு ஆகிய மூன்று இடங்களின் வெல்டிங்கை மட்டும் கனரக வேலை தெரிந்த வெல்டரிடம் கொடுத்துவிடுங்கள்.

மேல்காதுகள் 20 மி.மீ. பிளேட்டில், உத்திரத்தோடு சேரும் அடி 200 மி.மீ. நீளம் இருக்கும்படி வெட்டப்பட வேண்டும். காதின் உயரத்தைவிட அடி நீளமாக இருந்தால்தான் சிலிண்டர் அதைப் பிய்த்துக்கொண்டு மேலே போகாது. மேற்பக்கம் 75 மி.மீ. மட்டுமே இடம் இருப்பதால், மீதி நீளம் சிலிண்டரின் இருபுறமும் கீழ்நோக்கி வரட்டும். இரு காதுகளுக்கும் பின்னால் ஒரு குறுக்குத் தட்டும் வைத்துவிடுங்கள். ஊசி 32 மி.மீ. விட்டத்தில் ஈ.என்.8 எஃகாக இருக்கட்டும். சிலிண்டரின் இரு முனைகளும் ஊசியில் மட்டுமே நிற்க வேண்டும். ஆடாமல் இருக்கட்டும் என்று அடிப்பகுதியை உத்திரத்தோடு வெல்டு வைத்துவிட்டால், ஆப்பு கணுவில் மோதிச் சாயும் ஒவ்வொரு தடவையும் தண்டு வளைந்து சீலைத் தின்னும்.

ஆப்பும் சறுக்குப் பெட்டியும்

ஆப்பு என்றதும் கத்தியைப் போல் கூர்மையாக்க வேண்டும் என்று தோன்றும். அது மரத்தை அறுப்பதில்லை. முதல் சில செ.மீ. மட்டும் நாரை வெட்டிக்கொண்டு நுழைகிறது, பிறகு இரு பக்கமும் அகலப்படுத்துகிறது. இந்த இரண்டு வேலைகளுக்கும் இரண்டு கோணங்கள் வேண்டும். 25 மி.மீ. பிளேட்டில் 250 மி.மீ. அகலத்துக்கு எடுத்து, விளிம்பின் இருபுறமும் 45 மி.மீ. தூரத்துக்குச் சரிவாகக் கிரைண்டரால் சீவினால், ஏறக்குறைய 30 பாகைக் கோணம் வரும். விளிம்பிலிருந்து 60 மி.மீ. பின்னால் தொடங்கி, இருபுறமும் 12 மி.மீ. பட்டைகளைச் சிறகு போல விரித்து வெல்டு வைத்து, பின்பக்கம் மொத்தம் 90 மி.மீ. அகலம் வரும்படி செய்யுங்கள். சிறகு இல்லாத மெல்லிய ஆப்பு, நார் முறுக்கிய வேப்ப மரத்தில் முழுவதும் இறங்கிய பிறகும் மரம் பிரியாமல், அதைக் கவ்விக்கொண்டே நிற்கும். விளிம்புக்கு லாரிக் கமான் பட்டையை ஒட்டலாம் என்று சிலர் சொல்வார்கள். அது முன்சூடு இல்லாமல் வெல்டு வைத்தால் விரிசல் விடும் எஃகு. சாதாரண பிளேட்டின் விளிம்பில் தேய்மானத்தைத் தாங்கும் கடின ராடால் ஒரு வரி ஏற்றிச் சீவிக்கொள்வது எளிது. ஒரே இறக்கில் நான்காகப் பிளக்கும் சிலுவை வடிவ ஆப்பு பருத்த முண்டுக்கு வேண்டவே வேண்டாம். 12 டன்னில் அது பாதியில் நின்றுவிடும்.

சறுக்குப் பெட்டி என்பது ஆப்பைச் சுமந்துகொண்டு உத்திரத்தின் முகத்தைக் கவ்வியபடி மேலும் கீழும் ஓடும் பகுதி. 16 மி.மீ. பிளேட் முகத்தின்மேல் படிந்திருக்கும். இரு ஓரங்களிலும் சட்டங்கள் இறங்கி, முகத்தின் பின்பக்கம் வளைந்து பிடித்துக்கொள்ளும். இங்கே பலரைத் தடுமாற வைக்கும் ஒரு விவரம் உண்டு: நம் ஊரில் கிடைக்கும் ஐ.எஸ்.எம்.பி. உத்திரத்தின் முகத்துக்கு உள்பக்கம் தட்டையாக இருக்காது, நடுவை நோக்கிக் கனம் கூடிச் சரிந்திருக்கும். தட்டையான பட்டையை அங்கே வைத்தால் ஓரம் மட்டும் தொட்டு, சில நாளில் தேய்ந்து ஆடத் தொடங்கும். பின்பிடிப் பட்டையை அந்தச் சரிவுக்கு ஏற்பச் சீவி, ஒரு மி.மீ. இடைவெளி விட்டு, போல்ட்டால் பொருத்துங்கள். தேயும்போது கழற்றி அடியில் தகடு வைத்துக்கொள்ளலாம். பெட்டியின் நீளம் 250 மி.மீ.க்குக் குறைந்தால், ஆப்பு சாயும்போது அது உத்திரத்தில் கடித்துக்கொண்டு நிற்கும். முகத்தில் பெயிண்ட் பூசாமல் கிரீஸ் மட்டும் தடவுங்கள்.

ஆயில் வழி

டிராக்டரில் டிப்பர் டிரெய்லருக்காக விட்டிருக்கும் ஆயில் முனையிலிருந்து அழுத்தம் எடுத்து, அதை ஒரு லீவர் வால்வு வழியாக சிலிண்டரின் இரு முனைகளுக்கும் கொண்டுபோய், திரும்பும் ஆயிலை ஒரு ஃபில்டர் வழியாக டிராக்டரின் ஆயில் பெட்டிக்கே விட வேண்டும். திரும்பும் வழியை எங்கே இணைப்பது என்பது டிராக்டருக்கு டிராக்டர் மாறும். அதை அந்த டிராக்டரைப் பழுது பார்க்கும் மெக்கானிக்கிடம் காட்டிச் செய்வதே நல்லது. லீவர் வால்வு, கையை எடுத்தவுடன் தானாக நடுநிலைக்கு வந்து ஆப்பை நிறுத்தும் வகையாக இருக்க வேண்டும், அழுத்தம் எல்லை மீறினால் ஆயிலைத் திருப்பிவிடும் ரிலீஃப் வால்வும் அதிலேயே இருக்க வேண்டும். ரிலீஃப் வால்வை 160 பாருக்கு அமைத்து, பக்கத்திலேயே ஒரு பிரஷர் கேஜ் வைத்துவிடுங்கள். கேஜை வீண் செலவு என்று விட்டவர்கள், ஆப்பு நின்றபோது மரம் வலுவா, பம்ப் பலவீனமா என்று தெரியாமல் ரிலீஃப் வால்வைத் திருகிக்கொண்டே போவார்கள்.

டிராக்டர் பம்ப் நிமிடத்துக்கு 20 லிட்டர் தருகிறது என்று வைத்துக்கொண்டால், 4.7 லிட்டர் கொள்ளும் இந்த சிலிண்டர் முழுவதும் இறங்க 14 வினாடி ஆகும். தண்டு அடைக்கும் இடம் போக மீதி மட்டும் நிரம்புவதால் ஏற 11 வினாடி போதும். கொட்டகையில் நிலையாக வைக்க விரும்புபவர்கள், 3 குதிரைத் திறன் மோட்டாரோடு சுழற்சிக்கு 5 கன செ.மீ. தள்ளும் கியர் பம்பை இணைத்து, 25 லிட்டர் டேங்க்கும் 68 கிரேடு ஹைட்ராலிக் ஆயிலும் வைக்கலாம். 1,440 சுற்றில் அது நிமிடத்துக்கு ஆறரை லிட்டர்தான் தரும். ஓர் இறக்கத்துக்கு 43 வினாடி ஆகும். விவசாயத்துக்கான இலவச மின் இணைப்பிலிருந்து இந்த மோட்டாரை ஓட்டக் கூடாது; அந்த இணைப்பு விவசாயத்துக்கென்றே தரப்படுவது.

ஹோஸ் இரண்டு அடுக்குக் கம்பிப் பின்னல் உள்ளதாக இருக்கட்டும். அரை அங்குல அளவில் அது 275 பார் வரை தாங்கும் வகை. ஓர் அடுக்குப் பின்னலின் எல்லை 160 பார்தான். நம்முடைய வேலை அழுத்தமே அதுவாக இருப்பதால், அதில் மிச்சம் எதுவும் இல்லை. ஹோஸை டிராக்டரோடு இணைக்கும், தட்டிப் பொருத்தும் கப்ளர்கள் இரண்டும் முழுதாக உட்கார்ந்திருப்பதைத் தினமும் பாருங்கள். தண்டுப் பக்கத்து ஆயில் வெளியேற முடியாமல் அடைபட்டிருக்க, மறுபக்கம் தள்ளினால், பரப்பு வித்தியாசத்தால் அந்த அடைபட்ட ஆயிலில் அழுத்தம் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். சீலோ ஹோஸோ போகும்.

ஹோஸில் எங்காவது ஆயில் புகையாகத் தெரிந்தால், அதைக் கையால் தடவித் தேடவே கூடாது. ஊசித் துளை வழியாக வரும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சிறு புள்ளி மட்டுமே தெரியும், வலியும் உடனே இருக்காது. ஆனால் உடனடியாக அறுவைச் சிகிச்சை செய்யாவிட்டால் விரலையோ கையையோ இழக்க நேரிடும். எஞ்சினை நிறுத்தி அழுத்தத்தை இறக்குங்கள். கசிவை அட்டைத் துண்டு ஒன்றைக் காட்டித்தான் கண்டறிய வேண்டும்.

டிராக்டரில் மாட்டுவதும் சோதிப்பதும்

உத்திரத்தின் முதுகு டிராக்டரைப் பார்க்கும்படியும், அடித்தட்டு வெளிப்பக்கம் நீளும்படியும் 100 மி.மீ. சானலில் ஒரு சட்டம் செய்து, டிராக்டர் லிஃப்டின் கீழ்க் கைகள் இரண்டுக்கும் ஊசியும் மேலே டாப் லிங்க்குக்கு (மேல் இணைப்புத் தண்டு) காதும் வையுங்கள். ஊசி அளவுகளை உங்கள் கலப்பையிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். சிறிய வகைக்குக் கீழ் ஊசி 22 மி.மீ., பெரிய வகைக்கு 28 மி.மீ. எல்லாம் சேர்ந்து 170, 180 கிலோ வரும். பல டிராக்டர்களில் ஆயிலை வெளியே எடுக்கும்போது லிஃப்ட் தன் பிடியை விட்டுவிடும் என்பதால், வேலை செய்யும்போது அடித்தட்டு எப்போதும் தரையில் ஊன்றி நிற்க வேண்டும். தூக்கிய நிலையில் ஒருபோதும் பிளக்காதீர்கள். சாலையில் கொண்டுபோகும்போது சங்கிலியால் கட்டிக்கொள்ளுங்கள்.

முதல் நாளே முண்டை வைத்துவிட வேண்டாம். ஆப்பை வெறுமையாகப் பத்து முறை ஏற்றி இறக்கிக் காற்றை வெளியேற்றிய பின், ஆப்புக்கும் தட்டுக்கும் இடையே கனமான மரக்கட்டையைக் குறுக்கு நாராக, அதாவது பிளவுபடாத திசையில் வைத்து, 50 பார், 100 பார், 160 பார் என்று படிப்படியாக அழுத்துங்கள். உத்திரத்தின் முதுகில் மேலிருந்து கீழ் வரை கொத்தனார் நூலை இழுத்துக் கட்டினால், அழுத்தும்போது நடுவில் எவ்வளவு வளைகிறது என்று தெரியும். சில மி.மீ. வளைந்து, அழுத்தம் விட்டதும் நூலோடு நேராக வந்துவிட்டால் சரி. திரும்பி வராமல் நின்றால் உத்திரம் போதவில்லை என்று பொருள். பிறகு வெல்டுகளைத் துடைத்து மண்ணெண்ணெய் தடவி, கால் மணி நேரம் கழித்து உலரத் துடைத்து, சாக்கட்டித் தூளைப் பூசிப் பாருங்கள். விரிசல் இருந்தால் உள்ளே போன மண்ணெண்ணெய் கசிந்து, தூளில் ஈரக்கோடாகத் தெரியும். என்னுடைய முதல் இயந்திரத்தில் மேல்காதின் அடியில் இப்படி ஒரு கோடு தெரிந்தது. அப்போது காதின் அடி 120 மி.மீ. மட்டுமே இருந்தது.

முண்டை எப்படிப் பிளப்பது

சங்கிலி ரம்பத்தால் அடிமரத்தை ஒன்றரை அடி நீள முண்டுகளாக அறுக்கும்போதே, வெட்டுமுகங்கள் இரண்டும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். சாய்ந்த வெட்டு கொண்ட முண்டு தட்டில் நிற்காது. ஆப்பு தொட்டவுடன் பக்கவாட்டில் பாயும். புளியில் கணு அதிகம் என்பதால் முண்டின் நீளத்தை இன்னும் குறைப்பதில் தவறில்லை. அடுப்புக்கு நீள விறகு வேண்டும் என்று கேட்கும் கல்யாணச் சமையல்காரர்களுக்காக, கணு இல்லாத கிளைப்பகுதியை ஒதுக்கிவைக்கலாம்.

பருத்த முண்டின் நடுவில் ஆப்பை வைக்காதீர்கள். விளிம்பிலிருந்து 10, 12 செ.மீ. உள்ளே வைத்து ஒரு பலகையை உரியுங்கள். பிறகு கடப்பாரையால் முண்டைத் திருப்பி அடுத்த பக்கத்தை உரியுங்கள். இப்படி நான்கு பக்கமும் இரண்டு சுற்று உரித்த பின் நடுவில் மிஞ்சுவது ஓரடிச் சதுரமான வைரப்பகுதிதான், அதை எங்கே வைத்தும் பிளக்கலாம். வெயிலில் கிடந்து ஆரம் ஆரமாக வெடித்திருந்தால், அந்த வெடிப்பின் மேலேயே ஆப்பை வையுங்கள். மரமே வழி காட்டியிருக்கும்போது அதை மீற வேண்டியதில்லை. கவையுள்ள முண்டில் ஒற்றைத் தண்டுப் பக்கம் மேலே இருக்கும்படி கவிழ்த்து, இரண்டு கிளைகளின் நடுமையத்தையும் ஆப்பு ஒரே கோட்டில் பிளக்கும்படி முண்டைத் திருப்புங்கள். கிளை ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பிரிக்க முயன்றால், அங்கே நார்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் மரம் அசையாது.

மரத்துக்கு மரம் நடத்தை வேறு. சவுக்கு பச்சையாக இருக்கும்போதே நேராகப் பிளந்துவிடும், காய்ந்தால் இறுகும். மா, எந்த நிலையிலும் இணங்கும். வேம்பும் புளியும் நார் முறுக்கியவை. அவற்றில் ஆப்பு இறங்கும்போது கேஜ் 160-ஐத் தொட்டு நின்றால், மேலும் அழுத்திக்கொண்டிருக்காமல் ஆப்பை ஏற்றி, முண்டைத் தலைகீழாகத் திருப்பி அதே கோட்டில் மறுபக்கத்திலிருந்து இறக்குங்கள். தென்னையை இதில் வைத்து நேரத்தை வீணாக்க வேண்டாம். அதில் ஆண்டு வளையமும் இல்லை, நடுவிலிருந்து வெளிநோக்கி ஓடும் ஆரைக் கதிரும் இல்லை. தும்புக் கட்டுகள் தனித்தனியாக நிற்பதால், ஆப்பு அவற்றை நசுக்கிக்கொண்டு இறங்குமே தவிர பிளவு முன்னோடிப் போகாது. அதை ரம்பத்தால் அறுப்பதே வழி. பழைய ஆணியோ கம்பியோ இருக்கும் என்று மரவாடிக்காரர்கள் ஒதுக்கிய முண்டு, ரம்பத்துக்குத்தான் ஆபத்து. ஆப்பு அதைப் பொருட்படுத்தாது.

லீவரைப் பிடிப்பவரும் முண்டைத் திருப்புபவரும் ஒருவரே ஆக இருக்க வேண்டும். இரண்டு பேர் நின்று, ஒருவர் கையை வைத்திருக்கும்போது மற்றவர் லீவரை அழுத்துவதே இந்த இயந்திரத்தில் விரல் போகும் வழி. ஆப்பு முண்டைத் தொடும்வரை கட்டையை ஒரு கையால் பிடித்துக்கொள்ளலாம் என்று தோன்றும். அப்படிப் பிடிக்காமல், சாய்ந்து நிற்கும் முண்டுக்கு அடியில் சிராயை ஆப்பாகச் செருகி நிறுத்திவிடுங்கள். நிற்கும் இடம் உத்திரத்தின் பக்கவாட்டாக இருக்க வேண்டும். முறுக்கிய முண்டு பிளக்கும்போது, 30 கிலோ பலகை ஒன்று நேர் முன்னால் தாவி விழுவதை நான் பார்த்திருக்கிறேன். கண்ணாடியும் மூடிய காலணியும் இல்லாமல் தொடங்காதீர்கள்.

ஆப்பு உள்ளே சிக்கிக்கொண்டு, ஏற்றும்போது முண்டும் சேர்ந்து மேலே வந்தால் சம்மட்டியால் அடிக்க வேண்டாம். உத்திரத்தின் முகத்துக்கு இருபுறமும், தட்டிலிருந்து 600 மி.மீ. உயரத்தில், இரண்டு கோண இரும்புக் கைகளை முன்னோக்கி நீட்டி வெல்டு வைத்திருந்தால், ஆப்பு அவற்றுக்கு இடையே ஏறிப்போக, முண்டு அவற்றில் தட்டி நின்று தானாகக் கழன்றுவிடும். முதல் ஆண்டு இதை வைக்காமல் நான் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது.

ஐம்பது மணி நேர வேலைக்கு ஒரு முறை திரும்பும் வழியின் ஃபில்டரை மாற்றுங்கள். ஊசிகளுக்கும் முகத்துக்கும் தினமும் கிரீஸ் வையுங்கள். ஆப்பின் விளிம்பு மழுங்கி வட்டமாகிவிட்டால் மட்டும் சீவுங்கள். மழைக்காலத்தில் இயந்திரத்தை நிறுத்திவைக்கும்போது தண்டு முழுவதும் சிலிண்டருக்குள் இருக்கும்படி ஆப்பை மேலே ஏற்றி, அது நழுவி இறங்காதபடி சறுக்குப் பெட்டிக்கு அடியில் ஓர் ஊசியைச் செருகிவிட்டு, கப்ளர் முனைகளுக்குத் தொப்பி மாட்டுங்கள். வெளியே நீட்டிக்கொண்டு நின்ற தண்டின்மேல் ஒரு ஐப்பசி மழை பெய்தால் போதும். குரோமில் துருப்புள்ளி விழுந்து, சீல் மாற்றும் வேலை தை மாதம் காத்திருக்கும்.